கட்டத்துக்குமா கற்பூரம்?

கல்லுக்குக் காட்டினார்கள் கற்பூரம்; கண்டோம். செம்புத் தகட்டுக்குக் காட்டினார்கள், அதையும் கண்டோம். சிவகாசியிலே அச்சாகி, ஆண்டுப் பிறப்பன்று மளிகைக் கடைக்காரர் இலவசமாக நீட்டும் நாட்காட்டித் தாளுக்கும் காட்டினார்கள், கண்டு சலித்தோம். இப்போது, தோழர்களே, கட்டத்துக்கும் காட்டத் தொடங்கிவிட்டார்கள்! ஆமாம், வெறும் கட்டத்துக்கு! நான்காம் வகுப்புப் பிள்ளை அடிமட்டம் வைத்து வரைகிறதே, அந்த நான்கு கோட்டுக்கு! முகமில்லை அதிலே, முடியில்லை, மூக்குத்தியில்லை, ஏறிச் செல்ல எருதுமில்லை, மயிலுமில்லை. தலபுராணம் இல்லை, தாலி கட்டிய கதை இல்லை. இத்தனையும் இல்லாத ஒன்றைக்கூட விட்டுவைக்க மனமின்றி, அதையும் இழுத்துக்கொண்டு போய்ப் பூசை மாடத்திலே அமர்த்திவிட்டார்கள்.

கதையல்ல. ஆவடியை அடுத்த சேக்காட்டிலே நடந்தது.

அங்கே ஒரு தோழர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே கடைசல் எந்திரத்தில் வேலை. ஓவியக் கண்காட்சி ஒன்றுக்குப் போனவர், வாசலிலே விற்ற பட அட்டைக் கட்டு ஒன்றை வாங்கி வந்தார். அஞ்சலட்டை அளவு, முன்புறம் ஓவியத்தின் வண்ணப் படி, பின்புறம் பாதி விளக்கம், பாதி முகவரிக்கு இடம். ஓவியங்களோ ஆளையும் மரத்தையும் ஆற்றையும் காட்டுவன அல்ல. வட்டம், சதுரம், முக்கோணம், பட்டை, கோடு. அவற்றின் சேர்க்கை, அவற்றின் மோதல், அவ்வளவே. வடிவ கணித அருவ ஓவியம் என்பர் அறிந்தவர். நாளெல்லாம் இரும்பை வட்டமாக்கி, நூலளவு பிசகினாலும் தள்ளுபடியாகும் வேலையைச் செய்கிறவனுக்கு, வட்டம் அழகு என்று யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. மேசைக்கு மேலே, சுவரிலே, வரிசையாக ஒட்டிவைத்தார். பார்த்தார், மகிழ்ந்தார்.

ஒரு நாள் அவர் வேலைக்குப் போயிருந்த நேரம். மனையடி சாத்திரம் பார்க்கும் பெரியவர் ஒருவர் அந்தத் தெருவுக்கு வந்தவர், இந்த வீட்டிலும் நுழைந்தார். சுவரிலிருந்த அட்டை ஒன்றைக் கையிலெடுத்தார்: சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் முக்கோணம், நடுவே ஒரு புள்ளி. திருப்பினார். பின்புறத்தில் ஆங்கிலத்திலே அச்சிட்டிருந்ததைப் படித்தார். படித்துவிட்டு, இது மந்திர யந்திரம் என்றும், தெற்குச் சுவரிலே இருப்பது குடும்பத்துக்கு ஆகாது என்றும், ஈசானிய மூலைக்குப் போகவேண்டும் என்றும் தோழரின் தாயாரிடம் தீர்ப்பளித்தார். மாலையில் தோழர் திரும்பியபோது, அட்டை முருகனுக்கும் வேங்கடாசலபதிக்கும் நடுவே வீற்றிருந்தது. ஓரத்திலே மஞ்சள், நடுப்புள்ளியிலே குங்குமம், எதிரே கற்பூரத் தட்டு. "ஏம்ப்பா, இது யந்திரமாமே! வெறும் சுவத்துல ஒட்டி வச்சிருக்கியே, குத்தமில்லையா?" என்று கேட்டாராம் அந்தத் தாய்.

தாயை நான் குறை கூறேன். தம் வீட்டுக்கு நல்லது என்று நம்பியதை அவர் செய்தார். மனையடிக்காரரைக்கூட இங்கே அதிகம் கடிந்துகொள்ளப் போவதில்லை. அவர் பிழைப்பு அது. (அந்தப் பிழைப்பைப் பற்றி வேறொரு நாள் விரிவாகவே பேசிக்கொள்ளலாம்.) நான் கேட்பது வேறு. அவர் கையிலே ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தது யார்? அட்டையின் பின்புறத்தை எழுதியது யார்? தோழர் அதை எனக்கு அனுப்பினார், படித்தேன். ஓவியரின் பெயர் இருந்தது. வரைந்த ஆண்டு இல்லை. ஓவியத்தின் உண்மையான அளவு இல்லை. எண்ணெய் வண்ணமா, நீர் வண்ணமா, துணியா, தாளா, ஒரு சொல் இல்லை. இருந்ததெல்லாம் பேரண்டப் பெருஞ்சக்தி, படைப்பின் மூல விந்து, ரிஷிகள் கண்ட உண்மை, சிவசக்தி ஐக்கியம்! முன்புறம் வடிவம், பின்புறம் வைதிகம். மனையடிக்காரர் புதிதாக ஒன்றும் கூறவில்லை. கோட்டும் சூட்டும் அணிந்த கலை விமரிசகர் ஆங்கிலத்திலே கூறியதைத் தமிழிலே கூறினார், அவ்வளவுதான்.

மூலை என்றதும் வேறொரு மூலை நினைவுக்கு வருகிறது. ஈசானிய மூலை அல்ல. ருஷ்ய நாட்டு மூலை. 1915 டிசம்பர். ஜார் மன்னன் முடியிழக்க இன்னும் பதினைந்து திங்களே இருந்த நேரம். பெட்ரோகிராடு நகரிலே '0.10' என்ற விந்தைப் பெயரோடு ஒரு கண்காட்சி. காசிமிர் மாலேவிச் என்னும் ஓவியர், வெள்ளைத் தளத்திலே கருஞ்சதுரம் ஒன்றைத் தீட்டி அங்கே வைத்தார். எங்கே மாட்டினார் தெரியுமா? மற்றப் படங்களைப்போல் சுவரின் நடுவே அல்ல. உயரத்திலே, இரண்டு சுவர்கள் கூடும் மூலையிலே. ருஷ்யர் வீடுகளில் அந்த மூலைக்குத் தனிப் பெயர் உண்டு: சிவப்பு மூலை. ஏசுவின் உருவமும் மரியாளின் உருவமும் வைத்து விளக்கேற்றும் இடம். வீட்டுக்குள் நுழைகிறவன் முதலில் திரும்பி வணங்க வேண்டிய இடம். அந்த இடத்திலே, தோழர்களே, ஒரு கருஞ்சதுரம்! அலெக்சாந்தர் பெனுவா என்ற பெயர்பெற்ற விமரிசகர் 1916இலே கொதித்தெழுந்து எழுதினார், மடோன்னாக்களின் இடத்திலே இதை வைக்கப் பார்க்கிறார்கள் என்று. எதிரி சரியாகவே புரிந்துகொண்டான்!

மாலேவிச் முழுப் பகுத்தறிவாளர் என்று நான் சாதிக்க வரவில்லை. அவரிடமும் அருள்வாக்கு வாடை உண்டு. தம் சதுரத்தைத் தம் காலத்தின் திருவுருவம் என்று கூறிக்கொண்டவர்தான். ஆனால் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். அங்கே, சாமி இருந்த மூலையிலிருந்து சாமியை இறக்கிற்று ஒரு சதுரம். நூறாண்டுக்குப் பின் சேக்காட்டிலே, சதுரத்தையே சாமியாக்கி மூலையிலே ஏற்றிவிட்டார்கள். பெட்ரோகிராடு போன திசைக்கு நேர் எதிர்த் திசையிலே நாம் இழுக்கப்படுகிறோம்.

ஓர் அட்டைக்காக இவ்வளவு கூச்சலா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அட்டை அற்பம் என்று எண்ணுகிறவர்கள், இந்த நாட்டிலே கடவுள் வீட்டுக்குள் வந்த வழியை அறியாதவர்கள். கல்லாலான கடவுள் கோயிலில் இருந்தார், கோயிலோ பூட்டியிருந்தது. யாருக்குப் பூட்டியிருந்தது என்பதை நான் கூறத் தேவையில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே நடக்கும் உரிமைக்கே 1924இல் வைக்கத்திலே போராடவேண்டியிருந்தது. சென்னை மாகாணத்து ஆலயங்களிலே எல்லோரும் நுழையலாம் என்று முழுமையான சட்டம் வர 1947 ஆயிற்று. ஆனால் 1894இலேயே இரவிவர்மா பம்பாயிலே அச்சுக்கூடம் நிறுவிவிட்டார். இலட்சுமியும் சரசுவதியும் எண்ணெய் ஓவியம்போலவே பளபளக்கும் வண்ணத் தாளாக இறங்கி வந்தார்கள். பின்னர் சிவகாசி அச்சகங்கள். கோவில்பட்டியிலே கொண்டைய ராஜுவும் அவர் மாணவர்களும். கோயில் வாசலிலே தடுத்த கடவுள், அச்சகத்தின் வாசல் வழியே அதே மக்களின் குடிசைக்குள் நுழைந்தார்! தடுத்தவனை எதிர்த்து எழுந்திருக்க வேண்டிய கோபத்தை, நாலணாத் தாள் ஒன்று தணித்தது. 1956 ஆகஸ்டு முதல் நாள் பெரியார் இராமனை எரிக்கப் போவதாக அறிவித்தாரே, எரிக்க எடுத்தது கல்லையா? அயோத்தியையா? அச்சுத் தாளை! தாளின் வலிமையை அவர் அறிவார். அவரைக் கைது செய்த அரசும் அறிந்திருந்தது.

அதே அச்சு, அதே தாள், அதே அளவு அட்டை. அதிலே கடவுள் இல்லாத படம் ஒன்று ஏழை வீட்டுச் சுவருக்கு வருகிறது. வந்த வழியிலேயே அதை மடக்கிப் பிடித்து, பூணூல் மாட்டிவிடப் பார்க்கிறார்கள். இதைக் கண்டு பேசாதிருந்தால், பின் எதைக் கண்டு பேசுவது?

இந்த வேலை அட்டை விற்பவரோடு தொடங்கியதன்று. 1922 டிசம்பரிலே கல்கத்தாவிலே, கீழ்த்திசைக் கலைக் கழகத்தின் கண்காட்சியிலே, ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஓவியர்களின் படைப்புகள் வந்தன: காண்டின்ஸ்கி, பால் கிளே, இட்டன் முதலானோர். அருவ ஓவியம் இந்நாட்டுக்கு நேற்று வந்த சரக்கல்ல என்பதற்கு அது சான்று. நம் பக்கத்திலே, சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறிகளும்' என்ற வரிசையைத் தீட்டினார். 1966இலே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையிலே சோழமண்டலம் என்ற ஓவியர் சிற்றூரைத் தம் மாணவர்களோடு சேர்ந்து அமைத்தார். மாலையிலே துணியில் மெழுகுச் சாயம் ஏற்றி விற்றுப் பிழைத்து, பகலிலே தமக்கு வேண்டியதைத் தீட்டிய உழைப்பாளிகளின் ஊர் அது. அதற்காகவே அவர்களைப் போற்றலாம்.

பணிக்கரின் அந்த வரிசையை நம் தோழர்கள் அவசியம் பார்க்கவேண்டும். சாதகக் கட்டம்போல் கட்டங்கள், கணக்குக் குறிகள், நெருக்கமாக எழுத்து வரிசை. ஆகா, சோதிடத்தைப் போற்றுகிறார் என்று பாய்ந்துவிடாதீர்கள். கிட்டப்போய்ப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாது! எழுத்து மலையாளம்போல் தோன்றும். ஆனால் எந்தச் சொல்லும் ஆகாது. எந்தச் சோதிடனும் அதை விரித்துவைத்து ஒரு காசு சம்பாதிக்க முடியாது. சனி எங்கே, செவ்வாய் எங்கே என்று தேடுகிறவன் ஏமாந்து போவான். பலன் சொல்லும் வேலையிலிருந்து கட்டத்தை விடுதலை செய்துவிட்டார் அந்த ஓவியர். அவர் அப்படி எண்ணினாரோ இல்லையோ, படம் அப்படித்தான் நிற்கிறது. என் கண்ணுக்கு இதைவிடச் சிறந்த சோதிட மறுப்பு ஓவிய உலகிலே தென்படவில்லை.

அதே 1966இலேதான் அஜித் முகர்ஜியின் தந்திரக் கலை பற்றிய பெரிய ஆங்கில நூலும் வெளிவந்தது. யந்திரத் தகடுகளும் மண்டலங்களும் அழகிய வண்ணப் படங்களாக மேலைநாட்டு மேசைகளுக்குப் போயின. பிடித்துக்கொண்டார்கள்! இந்தியன் வட்டம் வரைந்தால் அது விந்து. முக்கோணம் வரைந்தால் யோனி. சதுரம் வரைந்தால் பூமித் தத்துவம். புதுத் தந்திரம் என்றே ஒரு பள்ளிக்குப் பெயர் வந்தது. சோழமண்டலத்தின் கே.வி. ஹரிதாசன் 'யந்திரம்' என்றும் 'பிரம்மசூத்திரம்' என்றும் பெயரிட்டே தீட்டினார். அவர் வரைவது அவர் உரிமை. எதை நினைத்து வேண்டுமானாலும் ஓவியன் தீட்டலாம், அந்த உரிமைக்கு முதலில் கை தூக்குகிறவர்கள் நாம்தாம். ஆனால் ஒரு சிலர் அப்படி நினைத்ததைக் காட்டி, எல்லா வட்டத்துக்கும் எல்லாக் கட்டத்துக்கும் பட்டா எழுதிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? ஐரோப்பியன் கோடு போட்டால் அறிவு, இந்தியன் கோடு போட்டால் ஆன்மிகமா? இது பெருமையன்று, தோழர்களே. நமக்குச் சிந்திக்கத் தெரியாது, தியானிக்கத்தான் தெரியும் என்று கூறும் இழிவு. அந்த இழிவை ஆங்கிலத்தில் அச்சிட்டால் நம்மவர்களே காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

சையத் ஹைதர் ராசாவின் கதையைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்துக் காட்டோரச் சிற்றூர், வனத்துறை ஊழியரின் மகன், முசுலிம் குடும்பம். பள்ளியிலே மனம் ஓரிடத்தில் நில்லாத சிறுவன். ஆசிரியர் தாழ்வாரச் சுவரிலே ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிரு என்றார். பல்லாண்டுகள் பாரிசிலே வாழ்ந்த பிறகு, அந்தப் புள்ளி பெரிய கரிய வட்டமாக அவருடைய ஓவியங்களிலே எழுந்தது. 'பிந்து' என்று பெயர் வைத்தார், ஆன்மிகமாகவும் பேசினார், மறைக்கவில்லை. ஆனால் புள்ளியை முதலில் வைத்தது யார்? ரிஷி அல்ல, தோழர்களே, வாத்தியார்! கவனம் சிதறும் பிள்ளையை நிலைப்படுத்த ஒரு பள்ளி ஆசிரியர் கண்ட உத்தி! இதை எந்த அட்டையின் பின்புறத்திலாவது போட்டால், படிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு இனிக்கும்! அவர் 1989இல் தீட்டிய 'ஜெஸ்டேஷன்' என்ற வடிவ கணித ஓவியம் 2023இல் மும்பை ஏலத்திலே 51 கோடியே 75 இலட்சம் ரூபாய்க்குப் போயிற்று. மூல ஓவியம் கோடீசுவரன் கூடத்துக்கு. அட்டையாவது நம் கூடத்துக்கு வரட்டும் என்றால், அதற்குள்ளும் மந்திரம் ஏற்றி அனுப்புகிறார்கள்.

நஸ்ரீன் முகமதி என்று ஓர் அம்மையார் இருந்தார். 1937இல் பிறந்து 1990இல் மறைந்தவர். பரோடாவிலே ஓவிய ஆசிரியை. கட்டடம் வரைகிறவர்கள் கையாளும் பேனாவும் அளவுகோலும் கொண்டு தாளிலே கோடுகள் இழுத்தார். மெல்லிய கோடு, அதைவிட மெல்லிய கோடு, சாய்ந்து ஓடி வெளியிலே கரையும் கோடு. பெரும்பாலானவற்றுக்குத் தலைப்புக்கூட வைக்கவில்லை. ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலையின் வரைவாளருக்கு அந்தக் கைத்திறம் உடனே விளங்கும்; எந்தச் சுலோகமும் துணைக்கு வேண்டாம்.

இந்த இடத்திலே வைதிக நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். "ஐயா, உம்முடைய ஐரோப்பிய ஓவியர்களே ஆன்மிகவாதிகள்தாமே? மோன்றியான் 1909இல் பிரம்மஞான சபையில் சேரவில்லையா? காண்டின்ஸ்கி அந்தச் சபையின் நூல்களைப் படிக்கவில்லையா?" என்பார். சேர்ந்தார், படித்தார். ஏன், அந்தச் சபையின் தலைமையிடமே 1882 முதல் நம் அடையாற்றிலேதான் இருக்கிறது! பெசண்டு அம்மையாரும் லெட்பீட்டரும் சேர்ந்து, எண்ணங்களுக்கு நிறமும் வடிவும் உண்டு, ஞானக் கண்ணுக்கு அவை தெரியும் என்று படங்களோடு ஒரு நூலே போட்டார்கள். காண்டின்ஸ்கி அறிந்திருந்த நூல் அது. 1916இலே அந்த அம்மையாரின் ஹோம்ரூல் கிளர்ச்சி யாருடைய ஆட்சியைக் கொண்டுவரும் என்று பிட்டி தியாகராயர் தம் அறிக்கையிலே எச்சரித்தாரே, அவரேதான். ஆக, நமக்கு இந்த வரலாறு புதிதல்ல. நம் வீட்டுக் கொல்லையிலே நடந்தது.

நடந்தாலென்ன? பித்தாகரசு மறுபிறப்பை நம்பினார். அவரைக் கண்கண்ட தேவராகக் கொண்டாடியவர்களும் உண்டு. அதனால் செங்கோண முக்கோணத்திலே கர்ணத்தின் வர்க்கம் மாறிவிட்டதா? கெப்ளர் அரசர்களுக்குச் சாதகம் கணித்துக் கொடுத்தார். அதனால் கோள்கள் நீள்வட்டத்திலே சுற்றுவது பொய்யா? கணக்கை வைத்துக்கொண்டோம், சாதகத்தைக் கழித்துவிட்டோம். ஓவியத்திலும் அதுவே முறை. மோன்றியான் எதை நம்பி அந்தக் கருங்கோட்டையும் செங்கட்டத்தையும் அடுக்கினாரோ, அடுக்கு நிற்கிறது. சபையின் உபதேசம் இல்லாமலே நிற்கிறது. தேயோ வான் தூஸ்பர்க் என்ற அவருடைய பழைய கூட்டாளி 1930இலே பாரிசில் அறிக்கை ஒன்று வெளியிட்டு, ஓவியம் வரையப்படுமுன்னே அறிவிலே முழுமையாக அமையவேண்டும், கோடும் தளமும் நிறமும் தம்மையன்றி வேறு எதற்கும் குறியல்ல என்று முழங்கினார். கட்டம் கட்டமே! இதைவிட நம் கொள்கைக்கு அணுக்கமான ஓவியக் கொள்கையை நான் எங்கே தேடுவேன்?

கட்டம் யாருடையது என்ற வழக்குக்கு நம் ஊர்ச் சாட்சிகளையும் அழைக்கலாம். கொத்தனாரின் மூலைமட்டம், தச்சரின் இழைப்புளி, நெசவாளியின் பாவும் ஊடையும். உலகத் துணிக்கடைகளிலே 'மெட்ராஸ்' என்றால் ஊர்ப்பெயரன்று, கட்டம் போட்ட பருத்தித் துணி! நம் நெசவாளி நெய்த வடிவ கணிதம் கடல் கடந்து, நம் ஊர்ப் பெயரையே துணிக்குப் பெயராக்கிவிட்டது. அந்த நெசவாளியின் லுங்கியிலே எந்த ஓவியக்கூடமும் அண்டப் பெருஞ்சக்தியைக் காணவில்லை. ஏனெனில் அது உழைக்கிறவன் இடுப்பிலே இருக்கிறது. கோலத்துக்கு வருவோம். வாசலிலே புள்ளி வைத்துக் கம்பி இழுக்கும் நம் பெண்களின் கலைக்கும் இலட்சுமி கடாட்சக் கதை ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் கோலத்தை வேறு கண்கொண்டு பார்த்தார்கள். சில விதிகளைக் கொண்டு எத்தனை பெரிய கோலத்தையும் எப்படிப் பிறப்பிக்கலாம் என்று ஆராய்ந்து, 1974இலே உலகக் கணிப்பொறி அறிஞர்கள் படிக்கும் ஏட்டிலே கட்டுரை வெளியிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று இகழப்பட்ட பாட்டியின் விரல் நுனியிலே இலக்கணம் இருந்தது என்று காட்டியது அந்த ஆராய்ச்சி. அவளை வணங்காமலே அவளுக்கு உயர்வு தந்தார்கள் அவர்கள்.

இனி நம் பாசறையிலிருந்தே எழும் குரல் ஒன்று. அதற்குத்தான் நான் அதிகம் மதிப்பளிக்கிறேன். "பசித்தவனுக்குக் கட்டம் எதற்கு? சேரியிலே சாக்கடை ஓடுகிறது. நீர் சதுரத்தின் அழகைப் பேசுகிறீரே! உழவனையும் உழைப்பாளியையும் வரைந்த படத்தையல்லவா அச்சிடவேண்டும்?" என்று கேட்கிறார்கள். அச்சிடுங்கள்! அதையும் அச்சிடுங்கள். சாதிக் கொடுமையைக் கட்டம் எடுத்துரைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஆள் உருவம் வேண்டும், முகம் வேண்டும், முகத்திலே வடு வேண்டும். ஆனால் 1955இலே இதே ஆவடியிலே காங்கிரசு மாநாடு கூட்டி, சமதர்மப் பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்களே, அந்தப் பாணியிலே பணக்காரனுக்கு ஓவியம், பாட்டாளிக்கு நாட்காட்டி என்றுதானே பங்கு பிரிந்தது? அந்தப் பங்கீட்டை நாமும் ஒப்புக்கொள்வதா? சாமி படத்தைப் பார்ப்பதற்குக் கதை தெரியவேண்டும்; நான்கு கை யாருக்கு, எலி யாருக்கு வாகனம் என்று யாராவது சொல்லித் தரவேண்டும். சொல்லித் தருகிறவன் யார் என்பது நமக்குத் தெரியும். கட்டத்தைப் பார்க்கக் கண் போதும். சிவப்பு முன்னே வருகிறதா, நீலம் பின்னே போகிறதா? இந்தக் கோடு நடுவிலே இல்லாமல் ஏன் ஓரம் தள்ளி நிற்கிறது? நிறுத்தியவன் எதை நிறுத்துப் பார்த்தான்? பிள்ளைகள் தாமே கேட்கிறார்கள். தாமே விடை கூறுகிறார்கள். ஒருவர் கூறியதை மற்றவர் மறுக்கிறார். புரோகிதன் இல்லாமல் பார்க்கக் கற்பது பகுத்தறிவுப் பயிற்சி அல்லவா?

கொடுங்கோலர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1937இலே ஹிட்லரின் ஆட்கள் மியூனிக்கிலே சீரழிந்த கலை என்று பெயரிட்டுப் பழிக்கக் கூட்டி வைத்த படங்களிலே காண்டின்ஸ்கியும் கிளேயும் மோன்றியானும் இருந்தார்கள். மாலேவிச்சை அவருடைய சொந்த நாடே 1930இல் சிறையிலே அடைத்தது. கருஞ்சதுரம் பல்லாண்டுகள் கிடங்கிலே கிடந்தது. வெறும் கட்டத்தைக் கண்டு இத்தனை பேர் நடுங்குவானேன்?

செய்யவேண்டியதைக் கூறுகிறேன். முன்மாதிரி இருக்கிறது. 1923இலே வைமார் நகரில் பௌஹவுஸ் பள்ளி தன் முதற் பெருங்கண்காட்சியை நடத்தியபோது, அதை அறிவிக்க ஆசிரியர்களும் மாணவர்களுமாக 20 அஞ்சலட்டைகளைக் கல்லச்சிலே அச்சிட்டார்கள். காண்டின்ஸ்கியின் அட்டையும் உண்டு, மாணவன் அட்டையும் உண்டு, ஒரே அளவு. நம் அம்பத்தூர்ப் பக்கத்து அச்சகத் தொழிலாளிக்கு இது பெரிய வேலையா? வேலை கடினம் என்பதை மட்டும் கூறிவிடவேண்டும். நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று இம்மியும் விலகாமல் விழவேண்டும். சாமி படத்திலே மயிரிழை விலகினால் நகையிலும் மாலையிலும் மறைந்துவிடும். கட்டத்தின் ஓரத்திலே விலகினால் ஊருக்கே தெரியும். ஒரே சிவப்பாகத் தோன்றுவதும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் செம்புள்ளியும் மஞ்சட்புள்ளியும்தாம். தூரிகையின் தடம் அட்டையிலே வராது. சுவரை அடைக்கும் ஓவியம் உள்ளங்கையளவாகிவிடும். ஆகவேதான் பின்புறத்திலே உண்மை அளவு வேண்டும் என்கிறேன். மூலத்தைக் காணாதவன் கையாலாவது அளந்து கற்பனை செய்துகொள்வான். பதிப்புரிமை உள்ளவற்றுக்கு அனுமதி பெறுங்கள், ஓவியனும் உழைப்பாளியே.

படிப்பகங்களிலே தலைவர்களின் படங்களுக்குப் பக்கத்துச் சுவர் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. அங்கே ஒட்டுங்கள். பள்ளிப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுங்கள். வெளியூர்த் தோழனுக்குக் கூட்டத் தேதியை அதிலேயே எழுதி அஞ்சலிலே போடுங்கள். இந்திய நாட்டில் காலணாக் கார்டு வந்தது 1879இலே. பெரியார் பிறந்ததும் 1879. மாலேவிச் பிறந்ததும் 1879. தற்செயல்தான், யாரும் இதிலே கிரக பலன் பார்க்கக் கிளம்பிவிட வேண்டாம்.

பின்புறத்திலே என்ன எழுதுவது என்று சேக்காட்டுத் தோழர் கேட்டிருக்கிறார். தமிழிலே எழுதுங்கள், தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். "காசிமிர் மாலேவிச், 1879–1935. கருஞ்சதுரம். 1915. துணியில் எண்ணெய் வண்ணம். 79.5 செ.மீ. உயரம், 79.5 செ.மீ. அகலம். திரெத்தியாகோவ் ஓவியக்கூடம், மாஸ்கோ." இவ்வளவு போதும். இதற்கு மேலும் பேரண்டத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று எந்த விமரிசகருக்காவது கை துறுதுறுத்தால், பக்கத்திலே பாதி அட்டை வெறுமையாகத்தான் இருக்கிறது. அங்கே தம் முகவரியை எழுதிக்கொள்ளட்டும்.